வீரணன் கேட்ட ஒரு நாள்

அப்பு,

வீரணன் உயிரோடு இருக்கிறார். இதைச் சொன்னவர் போடிமெட்டுக்கு ஜீப் ஓட்டும் சுருளி. நேற்று வியாழக்கிழமை காலை, மெட்டுக்கு அப்பால் ஒரு ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போன இடத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தவரைப் பார்த்து, பேர் கேட்டு, ஊர் கேட்டு, கொஞ்ச நேரம் பேசியும் வந்திருக்கிறார். சாயங்காலம் நம் வாசலில் ஜீப்பை நிறுத்திச் சொன்னார். இடது காதில் மேல்பாதி இல்லையே, பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்தேன் என்றார். அதன் பிறகுதான் உறுதி என்று எடுத்துக்கொண்டேன்.

வீரணன் யார் என்று உனக்குத் தெரியாது. உன் கடிதத்தில் நீ கேட்டது வேறு. மாமனார் வீட்டில் ரேடியோகிராம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள், அம்மாவின் இசைத்தட்டுகளை அனுப்புங்கள், எதை முதலில் கேட்கலாம் என்றும் எழுதுங்கள், அந்த இசைக்கு ஜாஸ் என்று பேர் என மருமகள் சொல்கிறாள் என்று எழுதியிருந்தாய். நாம் இத்தனை வருடம் துரை பாட்டு என்று சொல்லிக்கொண்டிருந்ததற்கு ஒரு பேர் இருப்பது எனக்கும் புதுச் செய்தி. தட்டுகளை வைக்கோல் பரப்பிய தேயிலைப் பெட்டியில் அடுக்கி, ரயில் பார்சலுக்காக முன்னறையில் வைத்தேன். மூன்று வாரமாக அது அங்கேயே இருக்கிறது. மூடிக்கு ஆணி அடிக்கவில்லை. அவற்றை உனக்கு அனுப்ப எனக்கு உரிமை இருக்கிறதா என்பது இன்னும் தெரியவில்லை. எதைக் கேட்கலாம் என்பதையும், அவை நம் வீட்டுக்கு எப்படி வந்தன என்பதையும் பிரித்து எழுதிப் பார்த்தேன். முடியவில்லை. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மொத்தம் மூன்று ஆல்பம், உதிரியாக நான்கு தட்டு. ஆல்பம் என்றால் கெட்டி அட்டைக்குள் காகித உறைகளை வைத்துத் தைத்த புத்தகம், நீ பார்த்திருக்கிறாய். உறைக்கு ஒரு தட்டு. நீ பார்க்காதது ஒன்று உண்டு. நானும் பெட்டியில் அடுக்கும்போதுதான் பார்த்தேன். ஒவ்வொரு உறையின் உள்பக்கத்திலும் உன் அம்மா பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாள். அவளுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. லேபிளில் இருக்கும் பேர் எதுவும் அவளுக்குப் பயன்படவில்லை. அதனால் ஒவ்வொரு தட்டுக்கும் அவளே ஒரு பேர் வைத்திருக்கிறாள். பெயர் வைக்கும் வேலையில் முப்பது வருடம் இருந்தவன் நான். பத்திரிகை நிருபராகத் தினமும் செய்திக்குத் தலைப்பு எழுதியவன். இவ்வளவு சரியாக நான் எழுதியதில்லை.

முதலில் காவி நிற ஆல்பத்தை எடு. அதில் இரண்டாவது தட்டு. ஒரு டிரம்பெட் தனியாக ஆரம்பிக்கும். இரண்டு மூன்று தரம் ஒரே வரியை ஊதிவிட்டு நிற்கும். பிறகுதான் மற்றவர்கள் சேர்வார்கள். உறையில் "எதிர் மலையில் ஆளைக் கூப்பிடுகிறவர்" என்று இருக்கிறது. மேலே ஏலத்தோட்டத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஒரு குரல் விட்டுவிட்டு, அது போய்ச் சேரக் காத்திருந்து, மறுபடி விடுவார்கள். அதற்கடுத்து பச்சை ஆல்பத்தில் முதல் தட்டு, பியானோ மட்டும். "காய்ந்த ஏலக்காயை முறத்தில் குலுக்குவது" என்று எழுதியிருக்கிறாள். உதிரியில் ஒரு பெண் பாடும் தட்டு இருக்கிறது. ஓரத்தில் விரல் நகம் அளவு உடைந்திருக்கும், அதனால் ஊசியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைக்க வேண்டும். அதற்கு அவள் எழுதியது, "இவளை யாரும் எதுவும் கேட்டதில்லை." இதைப் படித்துவிட்டு அந்த உறையை வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். என்ன எழுதியிருக்கிறாள் என்று புரிந்தது. யாரைப் பற்றி எழுதினாள் என்று யோசிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இந்தத் தட்டுகள் வீட்டுக்கு வந்த புதிதில் நான் கேலி செய்வேன். பஸ் ஹாரனை ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்து ஊதச் சொன்ன மாதிரி இருக்கிறது என்பேன். அவள் கிராமபோனுக்குச் சாவி கொடுத்துக்கொண்டே, "உங்க பேப்பர்ல வர்றத விட இதுல சேதி கூட இருக்கு" என்பாள். அதற்கு நான் சிரித்தேன். அதன் பிறகு நான் வெளியூர் போன நாட்களில் மட்டுமே அவள் பாட்டு வைத்தாள் என்பது பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி இந்த வருடம்தான் தெரியும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நீ மதுரையில் காலேஜ் விடுதியில் இருந்த வருடம் அது. ஏலக்காய் எடுப்பு நடக்கும் மாதங்களில் உன் அம்மா மெட்டுக்கு மேலே நம் ஏலத்தோட்டத்தில் தங்கி, சிலமலை, ராசிங்காபுரத்துப் பெண்களை வைத்து வேலை பார்ப்பாள். நான் போடியில் சந்தை விலை, மழை அளவு, கோர்ட்டுச் செய்தி என்று திரிவேன். நம் தோட்டத்துக்கு அரை மைல் தள்ளி ஒரு காப்பித் தோட்டமும் பங்களாவும் இருந்தன. அதன் துரை ஒண்டிக்கட்டை, ஒரு கால் ஊனம், தாங்கித் தாங்கி நடப்பார். ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு அங்கேயே இறந்தார். தோட்டம் வேறு கைக்குப் போனது. புது முதலாளி கீழே இருந்தார். பங்களாவைப் பூட்டி, துரையிடம் இருந்த காவல்காரரையே காவலுக்கு வைத்தார். அவர்தான் வீரணன்.

மார்கழி ஆரம்பத்தில் ஒரு பேச்சு கீழே வந்தது. பூட்டிய பங்களாவில் பட்டப்பகலில் பாட்டு கேட்கிறது, எடுப்புப் பெண்கள் அந்தச் சரிவில் வேலைக்குப் போக மாட்டேன் என்கிறார்கள் என்றார்கள். நான் ஜீப் ஏறினேன். நம் தோட்டத்துப் பெண்களிடமே முதலில் விசாரித்தேன். மூத்தவள் ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள். "பாட்டு நேரா வரல அய்யா. தாங்கித் தாங்கி வருது. துரை நடந்தாருல்ல, அதே நடை." பக்கத்தில் இருந்தவள், "உசுரோட இருந்தப்ப ஒரு நா லீவு விட்டதில்ல, செத்துல்ல விடுறாரு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் ஒருத்தியும் அந்தப் பக்கம் கூடையை எடுக்கவில்லை. உன் அம்மா எங்கே என்று கேட்டேன். ஊற்றுப் பக்கம் போயிருப்பதாகச் சொன்னார்கள்.

பங்களாப் பாதையில் பாதி தூரம் போனபோது நானும் கேட்டேன். மூடுபனி முகத்துக்கு நேரே நின்றது. பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. அதற்குள்ளிருந்து ஒரு கிளாரினெட் வந்தது. ஒரு சுற்றுக்கு ஒரு தரம் அது இறங்கி ஏறியது, இறங்கி ஏறியது. ஊனக்கால் ஊன்றி எடுப்பது போலவே. எனக்குப் பேய் பயம் கிடையாது. இருந்தும் அங்கே ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு நடந்தேன். காய்ந்த சுள்ளியை மிதித்திருப்பேன். பாட்டு நடுவிலேயே நின்றது.

பின்வாசல் படியில் வீரணன் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்திருந்தது. கூடத்தில் துரையின் கிராமபோன், மேலே ஒரு தட்டு இன்னும் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. கையால் நிறுத்தி எடுத்துப் பார்த்தேன். தட்டு வளைந்திருந்தது. மேசை மேல் இருந்த உறையை மோந்து பார்த்தேன். வழக்கம் போல் நோட்டை எடுத்து, கண்டதை எழுதினேன். அந்த நோட்டு இப்போது என் முன்னால் இருக்கிறது. அதில் உள்ளபடியே தருகிறேன்: "தட்டு வளைவு. உறையில் ஏலக்காய்ப் புகை வாசம். உள் அறைக் கதவு சாத்தியிருக்கிறது. காவல்காரன் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை."

பாட்டு வைத்தது யார் என்று கேட்டேன். படியிலிருந்து எழுந்து நின்றார். நீதானா என்றேன். செத்தவர் சாமானை எடுத்து அனுபவித்துக்கொண்டு ஊரைப் பயமுறுத்துகிறாய், இதை நான் எழுதத்தான் போகிறேன் என்றேன். அப்போதுதான் வாயைத் திறந்தார். கையைக் கட்டிக்கொள்ளவில்லை, குரலை இறக்கவும் இல்லை.

"ஒரு நா பொறுத்து எழுதுங்கய்யா."

எதற்கு என்று கேட்டேன். "ஒரு நா மட்டும்" என்றார். தட்டுகளை ஒளித்துவைக்க நேரம் கேட்கிறார் என்று நினைத்தேன். அந்தச் சாத்திய கதவு என்னிடமிருந்து நான்கு எட்டு தூரத்தில் இருந்தது. அதைத் திறந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. என்னிடம் செய்தி கிடைத்துவிட்டது, சாயங்கால மதுரை பஸ்சில் பத்திரிகைக்குச் செய்திக் கவர் கொடுத்தனுப்ப வேண்டும். நம் தோட்டத்துக்குத் திரும்பி, கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது உன் அம்மா வந்தாள். சேலைக் கரை முழங்கால் வரை நனைந்திருந்தது. ஊற்று அடைத்துக்கொண்டது, குத்திவிட்டு வந்தேன் என்றாள். நான் அவளிடம் பங்களாவில் பார்த்ததைச் சொன்னேன். அவள் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "பேரு போடணுமா?" போட வேண்டும், பேர் இல்லாவிட்டால் அது வதந்தி என்றேன்.

ஒன்பது வரிச் செய்தி. மூன்றாம் நாள் பேப்பரில் வந்தது. காவல்காரன் வீரணன் என்பவன், அவன், இவன் என்றுதான் அன்று எழுதினேன். அப்படி எழுதுவதுதான் அப்போது வழக்கமாக இருந்தது என்பது சமாதானம் ஆகாது. அதை உன் அம்மாவிடம் வாசித்தும் காட்டினேன். தை பிறந்ததும் புது முதலாளி வீரணனைக் குடும்பத்தோடு வெளியேற்றினார். வேறு தோட்டத்தில் யாரும் அவரைக் காவலுக்கு வைக்கவில்லை. செத்தவன் பொருளைத் தொட்டவன் என்று அச்சில் வந்த பேருக்கு எந்த ஏலக்காய் ஸ்டோரின் சாவியைக் கொடுப்பார்கள்? அவர் போன பிறகு பங்களாவில் பாட்டு நின்றுபோனது. அதையே என் செய்திக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டேன். மாசியில், பங்களாச் சாமானை விற்றார்கள், இதை நான் வாங்கினேன் என்று சொல்லி உன் அம்மா தட்டுகளையும் கிராமபோனையும் ஜீப்பில் போடி வீட்டுக்கு இறக்கினாள். யார் விற்றார்கள், என்ன விலை என்று நான் கேட்கவில்லை. ஊரில் எல்லோரையும் அந்த இரண்டு கேள்வியும் கேட்டுப் பிழைத்தவன் நான்.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். மூன்றாவது, கறுப்பு ஆல்பம். அதில் மூன்று தட்டுகள் வளைந்தவை. முதலாவதின் உறையில் இருப்பது: "கார்த்திகை, மூணாம் எடுப்பு. பூசணம் பிடிக்கிறதென்று ஸ்டோரில் வைத்தேன். சூடு தாங்கவில்லை. என் தப்பு. வீரணன் ஒரு வார்த்தை சொல்லவில்லை."

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் உனக்குத் தெரியும். வெளியே அடுப்பு, உள்ளே சுவரோரமாகச் சூட்டுக் குழாய், அதன் மேல் அடுக்கடுக்காகத் தட்டிகள். மழை மாதங்களில் மலையில் எது நனைந்தாலும் அங்கேதான் போகும். துணி, தீப்பெட்டி, உப்பு, உன் பள்ளிக்கூட சர்ட்டிபிகேட், என் நோட்டுகள். உன் அம்மாவும் வழக்கம் போல் யோசிக்காமல் வைத்திருக்கிறாள். அரக்கில் செய்த தட்டு அது, இளகிவிட்டது. துரையின் தோட்டம் காப்பி. காப்பி களத்தில் வெயிலில் காயும். அங்கே ஸ்டோர் கிடையாது. சுற்று வட்டாரத்தில் அடுப்பு எரிந்த ஒரே ஸ்டோர் நம்முடையது. உறையில் ஏலக்காய்ப் புகை வாசம் என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன் அப்பு. அந்த வாசம் என் சட்டையிலும் இருந்தது. எழுதிவிட்டு, அது எங்கிருந்து வந்திருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைக்காமல் நோட்டை மூடினேன்.

கார்த்திகையில் எழுதிய குறிப்பு அது. நான் பங்களாவுக்குப் போனது மார்கழியில். மாசியில் வாங்கியதாகச் சொன்ன தட்டுகள் கார்த்திகையிலேயே அவள் கையில் இருந்திருக்கின்றன. காவி ஆல்பத்தின் அட்டைக்குள் இன்னொரு வரி இருக்கிறது: "துரை சாகும்போது வீரணனுக்குக் கொடுத்தது. வீரணன் என்னைக் கேட்கச் சொன்னார். கதவைத் திறந்துவிட்டுப் படியில் உட்கார்ந்துகொள்வார்." ஆக, அவர் எதையும் திருடவில்லை. அவருடைய பொருளை, அவருடைய அனுமதியோடு உன் அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். நான் போன நாளில் அவள் அந்த உள் அறையில் இருந்தாளா என்பதற்கு எழுத்துச் சான்று இல்லை. நனைந்த சேலைக் கரை மட்டும் இருக்கிறது. இருந்தாள் என்றே நான் நம்புகிறேன். நான் அவரை மிரட்டியதையும் அவள் கேட்டிருப்பாள்.

ஏன் அவள் அன்றே சொல்லவில்லை என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியாது. நம் வீட்டுப் பெண் பூட்டிய பங்களாவில் தனியாக உட்கார்ந்து பாட்டு கேட்டாள் என்றால், உன் அத்தைமார் என்ன பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நான் என்ன பேசியிருப்பேன் என்பதுதான் நிச்சயமாகத் தெரியவில்லை. அவளுக்கு அது தெரிந்திருக்கும். வீரணன் ஒரு நாள் கேட்டது அவளிடம் பேசிவிட்டு வரத்தான் என்று இப்போது தோன்றுகிறது. நான் அந்த நாளைக் கொடுக்காததால், அவள் பேரைச் சொல்வதில்லை என்று அவர் தானாக முடிவு எடுத்து அதற்கான விலையைக் குடும்பத்தோடு சுமந்தார். அவளும் சுமந்தாள். போன வருடம் ஆஸ்பத்திரியில், மூச்சு வாங்கும்போது, "அந்தக் காவல்காரரு எங்க போனாரோ" என்று கேட்டாள். பேச்சை மாற்றுகிறாள் என்று நினைத்து, உன் கல்யாணப் பேச்சை எடுத்தேன்.

இப்போதெல்லாம் வீட்டில் எந்த உள் அறைக் கதவையும் நான் சாத்துவதில்லை. அந்த வளைந்த தட்டை ஒரு முறை வைத்துப் பார்த்தேன். கிளாரினெட் இறங்கி ஏறி, தாங்கித் தாங்கி, முற்றம் வரை போய்த் திரும்பி வந்தது. துரையின் நடை என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். எனக்கு அது மலைப் பாதையில் நனைந்த சேலையோடு ஒருத்தி அவசரமாக இறங்கும் நடையாகக் கேட்டது. பாதியில் எடுத்துவிட்டேன். நீ கேட்கும் நாள் வந்தால் அதைக் கடைசியாகக் கேள், முழுதாகக் கேள். மருமகளும் பக்கத்தில் இருக்கட்டும். அவள் எதை ரசிக்கிறாள், எதைக் கேட்கும்போது கையில் இருக்கும் சோலியை நிறுத்துகிறாள் என்று பார். கேலி செய்யாதே. உனக்குச் சொல்ல என்னிடம் இருக்கும் புத்திமதி இவ்வளவுதான், அதுவும் காலம் கடந்து கற்றது.

தட்டுகளை அடுக்கிய வாரமே ஒரு கடிதம் எழுதி ஒட்டி, மெட்டுப் பக்கம் ஓடும் சுருளியிடம் கொடுத்தேன். சுருளி வாய் இறுகியவர், வெளியே சொல்ல மாட்டார். வீரணனைப் பார்த்தால் படித்துக் காட்டச் சொன்னேன். செய்ததை ஒப்புக்கொண்டுவிட்டு, அதில் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தேன். தட்டுகளை எங்கே கொண்டுவந்து தரட்டும்? என் செய்தி தவறு என்று அதே பத்திரிகையில் திருத்தம் போடட்டுமா? திருத்தமும் ஒன்பது வரிதான், எழுதி வைத்திருக்கிறேன். அதில் உன் அம்மாவின் பேர் வருகிறது. பேர் இல்லாமல் எழுதிப் பார்த்தேன். "வேறொருவர்" என்று போட்டால் ஊர் இன்னொரு அப்பாவியைப் பிடிக்கும். பேர் போட்டால், அவர் இத்தனை வருடம் காப்பாற்றியதை நானே உடைத்ததாகும். போடாவிட்டால் அவர் பேரில் நான் பூசியது அப்படியே நிற்கும். இதை முடிவு செய்ய எனக்கு உரிமை இல்லை. அவருக்கு உண்டு, அவருக்குப் பிறகு உனக்கு உண்டு. உன் கருத்தை எழுது. அவர் பதில் வரும் வரை உன் கடிதத்தைப் பிரிக்காமல் வைத்திருப்பேன்.

சுருளி நேற்று சொன்னது இது. தட்டுகளும் கிராமபோனும் எப்படி நம்மிடம் வந்தன என்று வீரணனே சொல்லியிருக்கிறார். தோட்டத்தைக் காலி செய்த காலையில், தலையில் வைத்து நம் ஸ்டோருக்குச் சுமந்துவந்து, போகிற இடத்தில் வைக்க இடம் இருக்காது, ஆத்தா வைத்துக்கொள்ளட்டும் என்று இறக்கிவிட்டுப் போனாராம். அடியோடு கொடுத்ததா, பாதுகாத்து வைக்கச் சொன்னதா என்று சுருளி தெளிவாகக் கேட்கவில்லை. உன் அம்மா இறந்த செய்தி கேட்டுக் கோடாரியைக் கீழே வைத்துவிட்டாராம். பிறகு என் கடிதத்தை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாராம்.

"என்ன பதில் சொன்னாரு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பெருசா சொல்லல அய்யா. 'ஒரு நா பொறுத்துச் சொல்றேன்னு சொல்லு'ன்னாரு. அம்புட்டுதான்."

சுருளிக்கு அந்த வார்த்தையின் கனம் தெரியாது. தண்ணி கொண்டாரட்டுமா என்று கேட்டார், நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன் என்பதால்.

இன்று வெள்ளி. சுருளி நாளை சனிக்கிழமை ஆள் ஏற்றிக்கொண்டு மறுபடி மேலே போகிறார். ஞாயிறு பகல் இறங்குவார். தெரிய வேண்டியவை இரண்டு. தட்டுகள் யாருடையவை, திருத்தம் வருமா வராதா. இரண்டுக்கும் பதில் அந்த ஜீப்பில் வரும் என்று எதிர்பார்க்கிறேன். அவர் இன்னொரு நாள் கேட்டால், அதுவும் அவருக்கு உண்டு. அதுவரை பெட்டி திறந்தபடி முன்னறையில் இருக்கும். ஒன்பது வரி மேசை மேல் இருக்கும். நான் பொறுத்திருக்கிறேன்.

அப்பா
போடிநாயக்கனூர்